அத்தைக்குத் தெரியாத விலாசம்

பிப்ரவரி 9

அன்புள்ள அப்பாவுக்கு,

உங்கள் வாலு எழுதிக்கொள்வது. நான் நலம். உங்கள் இடுப்பு வலி எப்படி இருக்கிறது? சாரத்தில் ஏறும்போது பெல்ட் போடுகிறீர்களா? இல்லை, "சாரம் கட்டுறவனுக்கே பெல்ட்டா?" என்று மேஸ்திரியிடம் வம்பு பேசிக்கொண்டு நிற்கிறீர்களா?

ஞாயிற்றுக்கிழமைதானே போனில் பேசினோம், பிறகு எதற்குக் கடிதம் என்று கேட்பீர்கள். போன் பேசும்போது அத்தை ஸ்பீக்கரைப் போட்டுவிட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறார் அப்பா. "நல்லா இருக்கேன்பா" என்று நான் சிரிப்பதெல்லாம் அவருக்காகச் சிரிப்பது. அதை நம்பாதீர்கள். உறையின் பின்னால் உள்ள விலாசம் என் கணக்கு டீச்சருடையது. பதிலை அங்கேயே போடுங்கள். மறந்தும் அத்தை வீட்டுக்குப் போட்டுவிடாதீர்கள்.

பரீட்சைக்குப் பெயர் கொடுக்கப் பள்ளியில் என் தங்கும் அனுமதி அட்டையைக் கேட்டார்கள். அத்தையிடம் கேட்டேன். "பரீட்சை எழுதி என்னத்தைக் கிழிக்கப்போறே?" என்றார். பிறகு ஒருநாள் அவர் குளிக்கப் போன நேரத்தில் அலமாரி திறந்து கிடந்தது. அட்டையைப் பார்த்துவிட்டேன். அதன் தேதி முடிந்து இரண்டு வருடம் ஆகிவிட்டது. நீங்கள் கேட்கும்போதெல்லாம் "புதுப்பிச்சாச்சு, எல்லாம் நான் பார்த்துக்கிறேன்" என்று அவர் சொன்னது பொய்.

நான் பார்த்துவிட்டதை அவரும் பார்த்துவிட்டார். "இப்போ தெரிஞ்சிடுச்சுல்ல? இனிமே வெளியில வாயைத் திறந்தே, போலீஸ் வந்து அள்ளிட்டுப் போய் பிளேன்ல ஏத்திடும். இறங்குற இடத்துல உன்னைக் கூப்பிட ஒரு நாதி இருக்காது" என்றார். மறுநாளிலிருந்து பள்ளிக்கு அனுப்பவில்லை.

இப்போது பகல் முழுவதும் அத்தையின் சலவைக்கூடத்தில்தான் இருக்கிறேன். ஓட்டல்களிலிருந்து வரும் படுக்கை விரிப்புகளை உலர்த்தி, சூடான உருளையில் கொடுத்து இஸ்திரி போட்டு, மடித்துக் கட்ட வேண்டும். வாசலில் ஏதாவது வண்டி நின்றால் தொங்கும் விரிப்புகளுக்குப் பின்னால் போய் நின்றுகொள்கிறேன். நேற்று பால் வண்டிக்குக்கூட ஒளிந்தேன். சிரிக்காதீர்கள்.

டீச்சர் என்னைப் பார்க்க ஒரு வழி கண்டுபிடித்திருக்கிறார். அவர் வீட்டுத் திரைச்சீலையை வெளுக்கக் கொண்டுவருகிறார். சுத்தமாக இருப்பதையே மறுபடி மறுபடி கொண்டுவருகிறார். அதன் மடிப்புக்குள்தான் இந்தக் கடிதம் போகிறது.

உங்களுக்கு இது முன்பே தெரியுமா அப்பா? அதை மட்டும் எழுதுங்கள்.

உங்கள்
வாலு

பிப்ரவரி 27

என் செல்ல வாலுவுக்கு,

அப்பா நலம். இடுப்பு இருக்கிற இடத்தில் இருக்கிறது. பெல்ட்டும் போடுகிறேன், மேஸ்திரி சாட்சி.

உன் கடிதம் கம்பெனி ஆபீசில் வந்து கிடந்தது. சந்தோஷமாகப் பிரித்தேன். படித்து முடித்ததும் மறுபடி முதலிலிருந்து படித்தேன். எனக்குத் தெரியாது கண்ணு, சத்தியமாகத் தெரியாது. அக்கா புதுப்பித்துவிட்டேன் என்றாள், நானும் நம்பினேன். அவள் சொல்லி நான் நம்பாதது இதுவரை ஒன்றும் கிடையாது. எங்கள் அம்மா போனபோது எனக்குச் சரியாக நடக்கக்கூட வராது. அக்காதான் இடுப்பில் தூக்கிக்கொண்டு திரிந்தாள். அவள் சாப்பிடச் சொன்னால் சாப்பிடுவேன், தூங்கச் சொன்னால் தூங்குவேன். இந்த வயதிலும் அவள் குரல் கேட்டால் எழுந்து நின்றுதான் போன் பேசுகிறேன். மேஸ்திரி அதைப் பார்த்துப் பார்த்துச் சிரிக்கிறார்.

வேலையை விட்டுவிட்டு ஊருக்குப் போய்விடலாமா, உன்னையும் அங்கே கூப்பிட்டுக்கொள்ளலாமா என்று யோசித்தேன். உன் அம்மா போன பிறகு அங்கே நமக்கு என்ன இருக்கிறது? இருந்த வீட்டில் வேறு யாரோ குடியிருக்கிறார்கள். சொல்லிக்கொள்ள ஒரு ஆணி அடித்த சுவர்கூட இல்லை. இங்கே நான் படுப்பது அடுக்குக் கட்டிலின் மேல்தட்டில். வேலைக்காரர்கள் பிள்ளைகளைக் கூப்பிட்டு வைத்துக்கொள்ள இந்த நாட்டில் அனுமதி இல்லை.

அதனால் அப்பா சொல்வதைக் கேள். எந்த ஆபீஸ் பக்கமும் போகாதே. டீச்சர் நல்லவராகவே இருக்கட்டும், ஆனால் நமக்கு எதற்கு வம்பு? அத்தை சொல்கிறபடி உள்ளேயே இரு. கொஞ்சம் பொறு, ஏதாவது வழி பிறக்கும்.

தைரியமாக இரு என்று எழுத வந்தேன். எனக்கே இல்லாததை உனக்கு எங்கிருந்து அனுப்புவது?

அன்புடன்
அப்பா

மார்ச் 18

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் நலம். நீங்களும் மேஸ்திரியும் நலமா?

என்னைத் திட்டுவீர்கள். நீங்கள் சொன்னதை நான் கேட்கவில்லை. அத்தை மருத்துவரைப் பார்க்கப் போன அன்று டீச்சர் வந்து என்னைத் தன் வண்டியில் அழைத்துப்போனார். ஒரு செருப்புக் கடைக்கு மேல்மாடி. அங்கே பிள்ளைகளின் வழக்குகளை மட்டும் பார்க்கும் வக்கீலம்மா ஒருவர் இருக்கிறார். உள்ளே போலீஸ் உட்கார்ந்திருக்கும் என்றே நினைத்தேன். ஒரு பெரிய ஜாடியில் மீன் மட்டும் நீந்திக்கொண்டிருந்தது.

அங்கே நம் மொழி பேசும் ஓர் அக்கா இருக்கிறார். வக்கீலம்மா பேசுவதை எனக்கும் நான் பேசுவதை அவருக்கும் சொல்வதுதான் அவர் வேலை. முதலில் நான் கேட்டது, "என்னைப் பிடிச்சுக் கொடுத்துடுவீங்களா?"

"நீ இங்க சொல்றது எதையும் உன்னைக் கேக்காம நாங்க யாருக்கும் சொல்லக் கூடாது. அது சட்டம்" என்றார் அந்த அக்கா.

அப்பா, பதினெட்டு முடியாத பிள்ளைக்கு இங்கே தனிச் சட்டம் இருக்கிறதாம். அட்டை இருந்தாலும் இல்லாவிட்டாலும் பள்ளியில் சேர்த்தே ஆக வேண்டுமாம். வக்கீலுக்குக் கட்டணம் கிடையாது. பெற்றவர்கள் கூட இல்லாமல், வளர்ப்பவர்களும் சரியாகப் பார்க்காமல் விட்ட பிள்ளை என்றால், நீதிமன்றமே பாதுகாவலராக நின்று இங்கே தங்க அனுமதி வாங்கித் தரும். பிள்ளை என்ன விரும்புகிறது என்று நீதிபதி கேட்காமல் தீர்ப்புச் சொல்லக் கூடாதாம். அதைக் கேட்டதும் எனக்கு அழுகை வந்துவிட்டது. என்னிடம் யாரும் இதுவரை அப்படி ஒன்றைக் கேட்டதில்லை.

ஆனால் மனு என் பிறந்தநாளுக்குள் முடிய வேண்டும். ஆகஸ்ட் கடைசி தாண்டினால் நான் பெரியவள். அப்போது இந்தச் சட்டம் எதுவும் எனக்கு இல்லை. அத்தை சொன்ன பிளேன்தான். மனுவோடு சேர்க்க உங்கள் வாக்குமூலம் வேண்டும். என்னை யாரிடம் விட்டீர்கள், என்ன சொல்லி விட்டீர்கள் என்று எழுதினால் போதும். வக்கீலம்மாவின் விலாசத்தைக் கீழே எழுதியிருக்கிறேன்.

அத்தையிடம் ஒரு வார்த்தைகூடச் சொல்லாதீர்கள். அவருக்குத் தெரிந்தால் என்ன ஆகும் என்று நினைக்கவே பயமாக இருக்கிறது.

எழுத்து கோணலாக இருப்பதற்கு மன்னியுங்கள். பேனா சரியில்லை.

உங்கள்
வாலு

ஏப்ரல் 5

கண்ணு வாலு,

நீ நலமா? முதலில் அதற்குப் பதில் எழுது. இது பேனாக் கோணல் இல்லை, எனக்குத் தெரியும். உன் கைக்கு என்ன?

எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை. அப்பா ஒரு காரியம் செய்துவிட்டேன்.

வாக்குமூலம் எழுதத்தான் உட்கார்ந்தேன். "என் மகளை என் அக்காவிடம் விட்டேன்" என்று எழுதியதும் கை நின்றுவிட்டது. அக்காவுக்குத் தெரியாமல் நான் செருப்புகூட வாங்கியதில்லை. அவளைப் பற்றி ஊர் பேர் தெரியாத நீதிபதிக்கு எழுதுவதற்கு முன்னால் அவளிடமே ஒரு வார்த்தை கேட்டுவிடலாம், அட்டையை அவளே புதுப்பித்துவிட்டால் கோர்ட்டு எதற்கு, கச்சேரி எதற்கு என்று தோன்றியது. நீ இல்லாத நேரம் பார்த்துப் போன் போட்டேன். ரொம்பச் சாமர்த்தியமாகப் பேசுவதாக நினைத்துக்கொண்டு, "ஏன்க்கா, குட்டியோட பர்மிட்டு எப்போ முடியுது? சும்மாதான் கேட்டேன்" என்றேன்.

"யார் சொன்னா?" என்றாள்.

"யாரும் சொல்லலையே."

"உனக்குப் பொய் சொல்ல வராதுடா" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டாள்.

உன்னை அடித்தாளா? திட்டினாளா? டீச்சர் விலாசத்துக்கு ஒரு வரி போடு. அப்பாவைத் திட்டியாவது எழுது.

அப்பா

மே 2

வாலு,

உன்னிடமிருந்து ஒன்றும் வரவில்லை. ஞாயிறுதோறும் போன் போடுகிறேன். ஒரு வாரம் நீ குளிக்கிறாயாம், ஒரு வாரம் தூங்குகிறாயாம், ஒரு வாரம் கடைக்குப் போயிருக்கிறாயாம். வாசலுக்கு வரவே பயப்படுகிற பிள்ளை எந்தக் கடைக்குப் போகும்?

வேலையில் கவனம் இல்லை. குழாய் முடுக்கும்போது முடுக்கினேனா இல்லையா என்று மறந்து திரும்பத் திரும்பப் பார்க்கிறேன். மேஸ்திரி என்னைக் கீழே இறக்கி ஆணி பொறுக்க விட்டிருக்கிறார். "மேல இருந்து நீ விழுந்தா உன் பொண்ணுக்கு யாருய்யா?" என்கிறார்.

நீ நலமாக இருக்கிறாய் என்று ஒரு வரி. போதும்.

அப்பா

மே 10

தம்பிக்கு அக்காவின் ஆசிகள்.

நான் நலம். எனக்கு ரத்தக் கொதிப்பு ஏறியிருக்கிறது, உன் புண்ணியத்தில். நீ போனில் நச்சரிப்பதால் எழுதுகிறேன். போனில் இதையெல்லாம் பேச முடியாது.

உன் மகள் சுகமாக இருக்கிறாள். மிரட்டிக் கேட்டதும் வக்கீல், மனு எல்லாம் சொல்லிவிட்டாள், இனி இங்கே வைத்துக்கொள்வது சரிப்படாது. துறைமுகத்துப் பக்கம் என் சினேகிதி ஒருத்தி சலவைக்கூடம் நடத்துகிறாள், அங்கே அனுப்பியிருக்கிறேன். சோறு, படுக்கை எல்லாம் அங்கேயே. திரைச்சீலை தூக்கிக்கொண்டு வரும் அந்த டீச்சர் தேடி வந்தாள். பிள்ளை அப்பாவிடம் போய்விட்டாள் என்று சொல்லி அனுப்பிவிட்டேன். யாராவது உன்னைக் கேட்டால் நீயும் அதையே சொல். உன்னோடுதான் இருக்கிறாள். புரிகிறதா? ஆகஸ்ட் தாண்டிவிட்டால் ஒருத்தரும் தேட மாட்டார்கள். அதன் பிறகு நான் அழைத்துக்கொள்கிறேன்.

நான் என்ன கொடுமைக்காரியா? முதல் வருடம் அட்டையைப் புதுப்பிக்க அவளைக் கூட்டிக்கொண்டு போய் வரிசையில் நின்றவள் நான். பள்ளிக்கு வந்த நாட்கள் போதாது என்று திருப்பி அனுப்பினார்கள். கடையில் ஆள் வராத அன்று பிள்ளையைக் கூட நிறுத்திக்கொண்டது ஒரு குற்றமா? நம் வீட்டுப் பெண் நம் கடையில் நிற்கக் கூடாதா? மறுபடி போனால் என்னையும் கேள்வி கேட்பார்கள், கடையை மூடுவார்கள். பயந்துதான் விட்டுவிட்டேன். நீ மட்டும்தான் பயப்படுவாயா? எனக்குப் பயம் இருக்காதா?

உன்னைச் சுமந்தவள் நான். என்னைக் கோர்ட்டில் நிறுத்திவிடாதே.

அக்கா

மே 24

மதிப்பிற்குரிய வக்கீல் அம்மா அவர்களுக்கு வணக்கம்.

நீங்கள் நலமாக இருக்க வேண்டும். என்னை உங்களுக்குத் தெரியாது. உங்களிடம் மார்ச் மாதம் வந்த பெண்ணின் தகப்பன் நான். கட்டிடங்களுக்குச் சாரம் கட்டும் தொழிலாளி. உங்கள் அலுவலகத்துக்கு நேற்றே போன் போட்டேன். எதிர்முனையில் பேசிய பாஷை புரியாமல் பயந்து வைத்துவிட்டேன். அதனால் எழுதுகிறேன். எங்கள் மொழி தெரிந்த பெண் அங்கே இருப்பதாக மகள் சொன்னாள். அவர் படித்துச் சொல்லட்டும். மேஸ்திரி இதைப் படம் எடுத்து இன்றே உங்களுக்கு அனுப்புகிறார். அத்தோடு அக்காவின் கடிதத்தையும் அனுப்புகிறோம்.

என் மகள் என்னிடம் வரவில்லை. என்னோடு இருப்பதாக யார் சொன்னாலும் அது பொய். துறைமுகத்துப் பக்கம் என் அக்காவின் சினேகிதி நடத்தும் சலவைக்கூடத்தில் வைத்திருக்கிறார்கள். அந்தக் கூடத்தின் பெயர் தெரியாது. தயவுசெய்து தேடுங்கள்.

பள்ளிக்கு அனுப்பிப் படிக்க வைக்கச் சொல்லித்தான் மகளை அக்காவிடம் விட்டேன். படிக்க வைக்கவில்லை. அட்டையைப் புதுப்பிக்கவில்லை. இதுதான் என் வாக்குமூலம். எங்கே கையெழுத்துப் போடச் சொன்னாலும் போடுகிறேன்.

நீங்கள் போனால் அவள் ஒளிந்துகொள்வாள். போலீஸ் என்று சொல்லாதீர்கள். "வாலு" என்று கூப்பிடுங்கள். அப்படிக் கூப்பிடுவது உலகத்திலேயே நான் ஒருவன்தான்.

என் அக்கா கெட்டவள் இல்லை. அவளை ரொம்ப மிரட்டாதீர்கள். இதை எழுதலாமா என்றுகூட எனக்குத் தெரியவில்லை.

தங்கள் உண்மையுள்ள
தகப்பன்

ஜூன் 8

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் நலம். இந்த முறை நிஜமாகவே எழுதுகிறேன். உங்கள் உடம்பு எப்படி? மறுபடி சாரத்தில் ஏறுகிறீர்களா?

அந்தச் சலவைக்கூடத்தில் ஜன்னல் இல்லை. மூட்டைகளுக்கு நடுவிலேயே படுக்கை. வெளிக்கதவைப் பூட்டிச் சாவியை எடுத்துப்போவார்கள். தீப்பிடித்தால் என்ன செய்வது என்று ஒவ்வொரு நாளும் யோசிப்பேன். அதைவிட, யாராவது கதவைத் திறந்தால் என்ன செய்வது என்ற பயம் பெரிதாக இருந்தது. பைத்தியக்காரத்தனம்தான். பூட்டியிருந்தாலும் பயம், திறந்தாலும் பயம்.

ஒருநாள் காலையில் வாசலில் பல பேர் பேசும் சத்தம். பூட்ஸ் சத்தமும் கேட்டது. அழுக்கு மூட்டைகளைத் தள்ளிவிட்டுச் சுவரோரம் புகுந்துகொண்டேன். ஓட்டல் துண்டு ஒன்றை வாயில் வைத்து அழுத்திக்கொண்டேன், மூச்சு விடுகிற சத்தம் கேட்டுவிடுமோ என்று. யாரோ பக்கத்தில் வந்து தரையில் உட்கார்ந்தார்கள். "வாலு, உங்கப்பா எழுதின லெட்டர் எங்கிட்ட இருக்கு. படிக்கட்டுமா?" என்றது வக்கீலம்மாவிடம் இருக்கும் அந்த அக்காவின் குரல்.

வாயிலிருந்து துண்டை நான் எடுக்கவில்லை. அவரே படிக்கத் தொடங்கினார். "எதிர்முனையில் பேசிய பாஷை புரியாமல் பயந்து வைத்துவிட்டேன்" என்ற இடத்தில் எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்துவிட்டது. என் அப்பாவைத் தவிர வேறு யார் இப்படி எழுதுவார்கள்?

கையைப் பற்றிக் கேட்டீர்கள். மார்ச்சில், வக்கீலம்மாவைப் பார்த்துவிட்டு வந்த மறுநாள், இஸ்திரி உருளையில் மாட்டிக்கொண்டது. முழங்கைவரை வெந்துவிட்டது. மருத்துவமனைக்குப் போனால் அட்டை கேட்பார்கள் என்று அத்தை களிம்பு தடவினார். மூன்று விரல் இன்னும் சரியாக மடங்கவில்லை. இங்கே மருத்துவர் பார்க்கிறார், மடங்கிவிடும் என்கிறார். உங்களுக்கு அப்போது எழுதினால் நீங்கள் கையில் குழாயோடு உயரத்தில் நின்று இதையே நினைத்துக்கொண்டிருப்பீர்கள். அதனால்தான் பேனா மேல் பழி போட்டேன்.

இப்போது பிள்ளைகள் விடுதியில் இருக்கிறேன். வழக்கு ஜூலையில். நீதிபதி உங்களிடம் கம்ப்யூட்டர் வழியாகப் பேசுவாராம். அவர் கேட்கப்போகும் முக்கியமான கேள்வி, "உங்களால் மகளை அழைத்து வைத்துக்கொள்ள முடியுமா?" என்பது.

அப்பா, உங்களை எனக்குத் தெரியும். பாசத்தில் "வேலையை விட்டுட்டு ஊருக்கு வந்துடறேன், எம் பொண்ணை எங்கிட்ட அனுப்புங்க" என்று சொல்லிவிடுவீர்கள். சொன்னால் அனுப்பிவிடுவார்கள். வீடும் இல்லாத, பிழைக்க வழியும் இல்லாத ஊருக்கு. முடியாது என்று சொல்லுங்கள் அப்பா. அதுதானே உண்மை.

உங்கள்
வாலு

ஜூன் 30

என் கண்ணு வாலுவுக்கு,

அப்பா நலம் என்று எழுத மனம் வரவில்லை. உன் கையை நினைத்தால் சோறு இறங்கவில்லை. அக்கா களிம்பு தடவினாளாம். எனக்கு இப்போது அவள் மேல் வருகிற கோபம் என்னையே பயமுறுத்துகிறது. நான் வக்கீலம்மாவுக்கு எழுதிய கடிதத்தில் அவள் கெட்டவள் இல்லை என்று ஒரு வரி இருக்கும். அதை அடித்துவிடச் சொல். இல்லை, வேண்டாம், இருக்கட்டும். எனக்குத் தெரியவில்லை.

முடியாது என்று சொல்ல வேண்டும் என்கிறாய். எந்த அப்பனாவது நாலு பேர் முன்னால் என் மகளை என்னால் வைத்துக் காப்பாற்ற முடியாது என்று சொல்வானா? நான் பகலெல்லாம் வெயிலில் தொங்குவதே உன்னைக் காப்பாற்றத்தானே? மேஸ்திரியை நீதிபதியாக உட்கார வைத்து ஒத்திகை பார்த்தேன். "மகளை அழைத்துக்கொள்ள முடியுமா?" என்றார். "முடி..." என்று தொடங்கி, "முடியுங்க ஐயா" என்றுதான் வாயில் வருகிறது. "கெடுத்தியே காரியத்தை!" என்று ஹெல்மெட்டால் மேசையைத் தட்டுகிறார். மறுபடி முதலிலிருந்து.

அப்பா முடியாது என்று சொன்னான் என்று நாளைக்கு உன் பிள்ளைகளிடம் சொல்ல மாட்டாயே?

சொல்கிறேன் கண்ணு. எப்படியாவது சொல்லிவிடுகிறேன்.

அப்பா

ஆகஸ்ட் 12

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் நலம். இரண்டு விரல் மடங்குகிறது. மூன்றாவது அடம் பிடிக்கிறது.

திரையில் உங்கள் முகத்தைப் பார்த்தபோது எனக்கு அடையாளமே தெரியவில்லை. அவ்வளவு கறுத்து மெலிந்து, யாருடையதோ சட்டையைப் போட்டுக்கொண்டு, கழுத்துப் பொத்தான்வரை மாட்டிக்கொண்டு! பின்னால் மேஸ்திரியின் தலை பாதி தெரிந்தது.

நீதிபதி கேட்டார். மொழிக்கார அக்கா உங்களிடம் சொன்னார். நீங்கள் பேசவில்லை. கம்ப்யூட்டர் நின்றுவிட்டதோ என்று ஒருவர் எழுந்துபோய்ப் பார்த்தார். அப்பா சொல்லிவிடாதே, வருகிறேன் என்று சொல்லிவிடாதே என்று உள்ளுக்குள் கத்திக்கொண்டிருந்தேன். நீங்கள் எழுந்து நின்றீர்கள். அத்தையிடம் போன் பேசும்போது நிற்பது போல. "என்னால முடியாதுங்க. நீங்க பாத்துக்குங்க" என்றீர்கள்.

பிறகு நீதிபதி என்னிடம் கேட்டார், நீ என்ன விரும்புகிறாய் என்று. இங்கே இருந்து படிக்க விரும்புகிறேன், பயமில்லாமல் வாசலில் நிற்க விரும்புகிறேன் என்றேன். ஏற்றுக்கொண்டார்கள் அப்பா. நீதிமன்றமே என் பாதுகாவலர். படிப்பு முடியும்வரை தங்கலாம். புது அட்டை என் கையிலேயே இருக்கிறது, எவருடைய அலமாரியிலும் இல்லை.

அத்தையைத் தனியாக விசாரிக்கிறார்கள். வெளியே வராந்தாவில் உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும், "நீ எங்க தங்கியிருக்கே? அதை மட்டும் சொல்லு, நான் வந்து பேசிக்கிறேன்" என்றார். கோபமாகக்கூட இல்லை. எனக்கு வாய் தானாகவே திறந்தது. மொழிக்கார அக்கா கையைப் பிடித்து இழுக்காவிட்டால் சொல்லியிருப்பேன்.

என்னை வேறு விடுதிக்கு மாற்றிவிட்டார்கள். விலாசம் யாருக்கும் தரப்படாது. ஆனால் நீங்கள் அப்பா, கேட்டால் தர வேண்டும் என்று வக்கீலம்மா சொல்கிறார். அது உங்கள் உரிமையாம். எழுதட்டுமா? இப்போதும் வண்டிச் சத்தம் கேட்டால் எழுந்து உட்கார்ந்துவிடுகிறேன். போலீஸ் பயம் இல்லை, இப்போது அத்தை பயம். ஆனாலும் உங்களுக்கு என் இடம் தெரியாமல் இருப்பதும் எப்படியோ இருக்கிறது. நீங்கள் சொல்கிறபடி செய்கிறேன்.

உங்கள்
வாலு

செப்டம்பர் 2

என் வாலுவுக்கு,

அப்பா நலம். சட்டை மேஸ்திரியுடையது. அதில் பொத்தான் ஒன்று போய்விட்டது, இன்னும் சொல்லிக்காட்டிக்கொண்டிருக்கிறார். உன் பிறந்தநாளுக்கு இங்கே எல்லாருக்கும் டீ வாங்கிக் கொடுத்தேன். என் மகள் இனிமேல் பெரிய மனுஷி, அவளைக் கேட்டுத்தான் எதுவும் செய்ய வேண்டும் என்றேன்.

உன் கடிதத்தை வைத்துக்கொண்டு பல நாள் யோசித்தேன். நீ எந்தத் தெருவில் இருக்கிறாய், எந்த ஜன்னல் பக்கம் படுக்கிறாய் என்று தெரிந்தால் எனக்கு எவ்வளவு ஆறுதலாக இருக்கும்! உறையில் விலாசம் எழுதும்போது அந்தத் தெருவில் நானே நடந்து வருவது மாதிரி இருக்கும். எழுது என்று சொல்லத்தான் பேனாவை எடுத்தேன்.

அதற்குள் அக்காவின் போன் வந்தது. நான் எழுந்து நின்றேன். பழக்கம் எங்கே போகும்?

"அவ எங்க இருக்கா?" என்றாள்.

"தெரியாதுக்கா."

"பெத்த அப்பனுக்குச் சொல்லாம வெச்சிருப்பாங்களா?"

"கேட்டா சொல்லுவாங்க. நான் கேக்கலை."

"கேளு. கேட்டு எனக்குச் சொல்லு. நான் அவளை ஒண்ணும் செய்ய மாட்டேன்டா. கேஸைக் கொஞ்சம் மாத்திச் சொல்லச் சொல்லணும், அவ்வளவுதான். உனக்காக எத்தனை செஞ்சிருக்கேன்? எனக்காக இந்த ஒண்ணு."

அவள் அழுதாள் கண்ணு. அக்கா அழுது நான் கேட்டதே இல்லை. அம்மா போன அன்றுகூட அவள் அழுததாக யாரும் சொன்னதில்லை. சரிக்கா என்ற வார்த்தை தொண்டைவரை வந்துவிட்டது. உன் விலாசம் மட்டும் அப்போது என் சட்டைப்பையில் இருந்திருந்தால் எடுத்துப் படித்திருப்பேன். சத்தியமாகப் படித்திருப்பேன்.

"மாட்டேன்க்கா" என்றேன்.

"என்னடா சொன்னே?"

"கேக்க மாட்டேன். உங்கிட்டச் சொல்லிடுவேன்னுதான் கேக்க மாட்டேன்."

அவள் போனை வைத்துவிட்டாள். நான் கட்டிலின் கீழ்த்தட்டில், யாருடைய இடத்திலோ, உட்கார்ந்து அழுதேன். இனி அவள் என்னோடு பேசுவாளா தெரியாது. எனக்கு இருப்பது நீங்கள் இரண்டே பேர்தான். ஆனாலும் அவள் மறுபடி அழுதால் அப்பா என்ன செய்வேன் என்று எனக்கே தெரியாது. அதனால் கவனமாகக் கேள். வக்கீலம்மா விலாசத்துக்கே எழுதிக்கொண்டிருக்கிறேன், நீயும் அங்கிருந்தே எழுது. நீ இருக்கும் இடத்தை எனக்கு எழுதாதே.

நாளைக்கு நானே கேட்டாலும் எழுதாதே.

அப்பா